யாரையும் தெரியாதவள்

எங்கள் மலையில் புது ஆளைப் பார்த்தால் பெயரைக் கேட்கிற வழக்கம் கிடையாது. "யாரு வூடு?" என்றுதான் கேட்போம். இன்னார் வீட்டுக்கு வந்தேன் என்று சொல்லிவிட்டால் போதும், உட்கார இடம் கிடைக்கும், பருவமாக இருந்தால் நாலு பலாச்சுளையும் கிடைக்கும். அவளிடம் அந்தக் கேள்வியைக் கேட்ட எல்லோருக்கும் ஒரே பதில்தான் கிடைத்தது. "யாரையும் தெரியாதுங்க. சும்மா வந்தேன்."

சும்மா வருவதற்கு ஜவ்வாது மலை என்ன அவள் மாமியார் வீடா? ஆலங்காயத்தில் பஸ் ஏறி, அத்தனை வளைவிலும் வாந்தி வராமல் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு பெண் மேலே வருகிறாள். கையில் பை, தோளில் துப்பட்டா, முகத்தில் ஒரு சிரிப்பு. யாருக்கும் சொந்தமில்லை, யார் வீட்டுக்கும் போகவில்லை என்றால் எவன் நம்புவான்? மகளிர் குழுக் கடன் வசூலிக்க வந்தவள் என்றார்கள். ஃபாரஸ்ட்காரர்கள் வேவு பார்க்க அனுப்பிய ஆள் என்றார்கள். ரிசார்ட் கட்ட நிலம் தேடும் புரோக்கர் என்று பஸ் ஸ்டாப் டீக்கடைக்காரர் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். எல்லாவற்றுக்கும் நானும் தலையை ஆட்டி வைத்தேன். அவள் யார் என்று எங்கள் ஊரில் தெரிந்தது எனக்கு ஒருத்திக்குத்தான். அதனால் மற்ற எல்லோரையும்விட அதிகச் சந்தேகமும் எனக்குத்தான்.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள். போர்வெல் லாரியோடு ஊர் ஊராகப் போன என் வீட்டுக்காரர் கடைசியாக எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்து, சில மாதம் படுத்துக் கிடந்து போய்ச் சேர்ந்தார். காசநோய் என்று ஊர் நம்பிற்று. எனக்கும் சோதனை செய்து பார்த்தபோது எச்.ஐ.வி. இருக்கிறது என்றார்கள். கீழே டவுன் ஆஸ்பத்திரியில் கூட்டு மருந்து தருகிறார்கள். பல மருந்துகளைச் சேர்த்து ஒரே மாத்திரையாகச் செய்தது என்பதால் அந்தப் பெயர். முதன்முதலில் கேட்டபோது, பூசணிக்காய்க் கூட்டில் கலந்து சாப்பிட வேண்டும்போல என்று நினைத்துக்கொண்டேன். சமையல்காரிக்கு வேறென்ன தோன்றும்? ஊரில் சுகர் மாத்திரை வாங்கப் போகிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன். மாத்திரையை ஒழுங்காகப் போடுவதால் எனக்கு ஒரு குறையும் இல்லை. நான் சமைப்பதால் யாருக்கும் ஒன்றும் வராது என்று டாக்டரே சொல்லியிருக்கிறார். ஆனால் விஷயம் தெரிந்தால் மறுநாளே ஒரு பிள்ளையும் என் அடுப்படியில் தட்டு நீட்டாது. வேலை போகும், கொழுந்தன்மார் வீட்டை விட்டு வெளியே போ என்பார்கள், திருவண்ணாமலையில் விடுதியில் தங்கிப் படிக்கிற என் மகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வர வேண்டியதுதான். இவ்வளவும் ஒருத்தி வாய் திறப்பதில் இருந்தது. அந்த ஒருத்தி அவள்.

ஆஸ்பத்திரியில் மருந்துக்கு வரிசையில் நின்றபோதுதான் முதலில் பேசினாள். எங்களைப் போன்றவர்கள் எப்படி வாழ்கிறோம், மருந்தைத் தவறாமல் போடுகிறோமா, யாரிடம் சொல்லியிருக்கிறோம், யார் ஒதுக்குகிறார்கள் என்றெல்லாம் கேட்டு எழுதும் ஆராய்ச்சி என்றாள். மருந்து கொடுக்கும் கட்டடத்துக்குப் பக்கத்தில் ஒரு புங்க மரம். அதன் அடியில் சிமெண்ட் பெஞ்சில் உட்காருவோம். வயதில் என்னைவிடச் சின்னவள், அதனால் "அக்கா" என்பாள். ஒரு மணி நேரம் என்னைத் துருவி எடுப்பாள். நான் திருப்பி ஒன்று கேட்டால் வாய் பூட்டிக்கொள்ளும்.

"நீ எந்த ஊரும்மா?"

"கண்ணமங்கலம் பக்கங்க."

"பக்கம்னா எந்தப் பக்கம்? யாரு வூடு?"

"சொன்னா உங்களுக்குத் தெரியாதுங்க்கா."

தெரியுமா தெரியாதா என்று நான் அல்லவா சொல்ல வேண்டும்! இன்னொன்று, கேட்ட கேள்வியையே வேறு மாதிரி மாற்றிக் கேட்பாள். போன மாதம் மாத்திரை விட்டுப் போனதா என்பாள். இல்லை என்பேன். நாலைந்து கேள்வி தாண்டி, வேலை அதிகமான நாட்களில் மாத்திரை மறந்துபோகுமா என்பாள். போலீஸ் ஸ்டேஷனில்தான் இப்படிக் கேட்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

"இப்பத்தான கேட்ட? பொய் சொல்றேன்னு நெனைக்கிறியா?"

"ஐயோ, இல்லீங்க்கா. தாள்ல அப்படிக் கீது. நான் கேட்டுத்தான் ஆவணும்."

எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. அடுத்த முறை வேண்டுமென்றே ஒரு பொய்யைச் சொன்னேன். நோய் இருப்பதை யாரிடமாவது சொல்லியிருக்கிறீர்களா என்று கேட்டதற்கு, என் அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன், அவர்தான் எனக்கு எல்லாம் என்றேன். எனக்கு அண்ணனே கிடையாது. என் அம்மா அப்பாவுக்கு நான் ஒரே பிள்ளை. இல்லாத அண்ணனைப் பற்றி யாராவது என்னிடம் பேச்செடுத்தால், அது இவள் வாயிலிருந்துதான் போயிருக்க வேண்டும். காதைத் தீட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தேன். பஸ்ஸில், சந்தையில், ஆஸ்பத்திரியில் எங்கும் அண்ணன் வரவில்லை. அவள் மட்டும் அடுத்த தடவை பையைத் திறந்துகொண்டே, "அண்ணன் சௌக்கியமாங்க்கா?" என்றாள். கேட்கும்போது உதட்டோரம் லேசாகச் சிரித்தாளா, இல்லை வெயிலுக்கு முகம் சுளித்தாளா என்று பிடிபடவில்லை. நம்பிவிட்டாள் என்று ஒரு நாள் தோன்றும். முதல் நாளே கண்டுபிடித்துவிட்டு என்னோடு விளையாடுகிறாள் என்று மறுநாள் தோன்றும்.

எங்கள் பக்கத்து ஊர்களில் என்னைப் போல் இன்னும் யார் யார் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசையாக இருந்தது. வம்புக்கு இல்லை. மருந்து வாங்கிக்கொண்டு பஸ்ஸில் தனியாகத் திரும்புகிற கொடுமை அதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். பக்கத்தில் ஒருத்தி, மாத்திரை போட்டால் வயிறு பிரட்டுகிறதா, கெட்ட கனவு வருகிறதா என்று கேட்க ஒரு ஆள், அவ்வளவுதான் வேண்டியிருந்தது. மலைத்தேன் ஒரு பாட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். சாமைச் சோறு கட்டிக் கொண்டுபோனேன். விரலை நக்கி நக்கிச் சாப்பிட்டாள்.

"எங்க பக்கத்துல இன்னும் யாராச்சும் கீறாங்களா? பேரு வேணாம், ஊர மட்டும் சொல்லு."

"தெரியாதுங்க்கா."

"தெரியாதா, சொல்ல மாட்டியா?"

"எனக்கு யாரையுமே தெரியாதுங்க்கா. உங்களையும்தான்."

சோற்றைத் தின்றுவிட்டு முகத்துக்கு நேராக உங்களையும் தெரியாது என்கிறாள்! அன்றைக்கு வந்த கோபத்தில் பாத்திரத்தைக்கூடக் கழுவாமல் பைக்குள் போட்டுக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் பாதி மலை ஏறும்போது கோபம் கொஞ்சம் இறங்கிற்று. அவர்களைப் பற்றி என்னிடம் சொல்கிறவள் என்னைப் பற்றி அவர்களிடம் சொல்ல மாட்டாளா என்று புத்திக்கு உறைத்தது. ஆனாலும் மனசு ஆறவில்லை.

பிறகு அவள் அடிக்கடி மலைக்கே வர ஆரம்பித்தாள். ஊர் ஊராகப் போய்ப் பேசுகிற வேலையாம். அப்போதுதான் அவள் தெரியாது என்பதன் முழு அழகையும் பார்த்தேன். பஸ்ஸில் நான் ஏறுவேன். அவள் ஏற்கனவே உட்கார்ந்திருப்பாள். என் கண்ணைப் பார்ப்பாள், ஆனால் பார்க்க மாட்டாள். ஆளே இல்லாத இடத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். எங்களைத் தெரிந்ததாகக் காட்டினால் எங்கள் ரகசியம் போய்விடுமாம், அதனால் வெளியே எங்கே பார்த்தாலும் கண்டுகொள்ளக் கூடாது என்பது அவர்கள் வேலையில் சட்டமாம். நல்ல சட்டம்தான் என்று நானும் நிம்மதியாக இருந்தேன்.

சந்தைக்குச் சீத்தாப்பழக் கூடையோடு வரும் பெண் ஒருத்திதான் அந்த நிம்மதியில் மண்ணைப் போட்டாள். பஸ்ஸை விட்டு இறங்கியதும் என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள்.

"இன்னா, அந்தம்மாவுக்கும் உனக்கும் எதுனா சண்டையா?"

"எந்தம்மா?"

"அதான், பையத் தூக்கிகினு வருதே. என்னப் பாத்தா சிரிக்குது. கண்டக்டரப் பாத்தா வணக்கம் சொல்லுது. உன்னப் பாத்தா மட்டும் மூஞ்ச திருப்பிக்குது. மேல கடைசி ஊர்க்காரன் ஒருத்தன் வர்றானே, அவனப் பாத்தாலும் அப்படித்தான் திருப்பிக்குது. உங்க ரெண்டு பேருக்கும் அதுங்கிட்ட இன்னா தகராறு?"

சில்லறைத் தகராறு என்று ஏதோ உளறினேன். வீட்டுக்கு வந்து யோசிக்க யோசிக்கத்தான் விஷயம் புரிந்தது. படித்தவர்கள் கூடி உட்கார்ந்து போட்ட சட்டம், எங்கள் பஸ்ஸில் எங்களைத் தனியாகப் பொறுக்கிக் காட்டிக்கொண்டு வந்திருக்கிறது. ஊர் வழக்கம் அவர்களுக்கு எங்கே தெரியும்? இங்கே பகையாளியைத் தவிர யாரும் யாரையும் பார்க்காமல் போக மாட்டார்கள். அதோடு இன்னொன்றும் எனக்குத் தெரிந்துபோயிற்று. மேலே கடைசி ஊர்க்காரன் என்று ஒருவன் இருக்கிறான். நான் தேனும் சோறும் கொடுத்துக் கேட்டபோது சொல்லாததை, ஜன்னல் பக்கம் திரும்பித் திரும்பி அவளே சொல்லியிருக்கிறாள்.

அடுத்த முறை புங்க மரத்தடியில் அவளைப் பிடித்து உலுக்கிவிட்டேன். "நீ எங்களக் காப்பாத்தறியா, காட்டிக் குடுக்கறியா?" என்று கேட்டேன். அவள் கையிலிருந்த பேனாவின் மூடியைக் கழற்றினாள், மாட்டினாள், மறுபடி கழற்றினாள். "இத நாங்க யோசிக்கவே இல்லீங்க்கா" என்று மெல்லச் சொன்னாள். அவள் பயந்து நான் பார்த்தது அன்றைக்கு ஒரு நாள்தான்.

அதற்கடுத்த வாரத்திலிருந்து அவள் ஆளே மாறிப்போனாள். பஸ்ஸில் ஏறினால் முன்படியிலிருந்து கடைசி சீட்டு வரை எல்லோரும் அவளுக்குச் சொந்தம். "அண்ணே, முட்டி வலி எப்படிக் கீது?" "ஆயா, பேத்தி வந்துட்டுப் போய்ட்டாளா?" "அக்கா, புளி உலுக்கிட்டீங்களா?" சீத்தாப்பழக்காரியின் கூடையை மடியில் வாங்கி வைத்துக்கொள்வாள். என்னிடமும் "அக்கா, இன்னிக்கு இன்னா சமையல்?" என்பாள். அதே குரலில் கடைசி ஊர்க்காரனிடமும் மழை விசாரிப்பாள். எல்லோரையும் தெரிந்தவளாகி, தெரிந்த சிலரை அந்தக் கூட்டத்தில் ஒளித்துவிட்டாள். ஊருக்கு இப்போது வேறு சந்தேகம் வந்துவிட்டது. உள்ளாட்சித் தேர்தலில் நிற்கப்போகிறாள், அதற்குத்தான் இந்தக் குசலம் என்றார்கள். எனக்கு வந்த சந்தேகம் வேறு. இப்படி ஒரே வாரத்தில் தோலை உரித்து வேறு தோல் போட்டுக்கொள்கிறவளுக்குச் சொந்தத் தோல் எது?

பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் நடந்த நாளுக்கு வருகிறேன். மலையிலிருந்து வெளியூர் வேலைக்குப் போகிற பையன்களுக்கு எச்.ஐ.வி. வராமல் தடுப்பது பற்றி ஆஸ்பத்திரி சார்பில் அவள் பேச வந்திருந்தாள். ஆணுறை என்று அவள் சொன்ன ஒவ்வொரு தடவையும் தலைமை ஆசிரியர் இருமினார். பெண்கள் முந்தானையில் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவள் நிறுத்தவில்லை. தொட்டால் வராது, சேர்ந்து சாப்பிட்டால் வராது, ஒரே கிளாசில் குடித்தால் வராது என்று விளக்கிக்கொண்டே போனாள். நான் டீ கொடுத்துக்கொண்டிருந்தேன். அவள் கையிலும் ஒரு கிளாஸ் கொடுத்தேன். அப்போதுதான் வார்டு மெம்பர் எழுந்தார். அவர் பேரப் பிள்ளைகள் இரண்டு பேரும் என் சாப்பாடுதான் சாப்பிடுகிறார்கள்.

"ஒரு சந்தேகம்மா. எம் புள்ள டவுன் ஆஸ்பத்திரிக்கு லோடு எறக்கப் போனான். பின்னால ஒரு கட்டடம் கீதே, இந்த நோவுக்கு மாத்திர தர்ற எடம். அதுங்கிட்ட மரத்தடியில நீயும் நம்ம சமையல்காரம்மாவும் உக்காந்துகினு இருந்தீங்களாமே. அங்க இன்னா வேல?"

கூட்டம் முழுவதும் என் பக்கம் திரும்பிற்று. தெரியாதுங்க என்று சொல்லப்போகிறாள், வழக்கமான அந்த ஒரு சொல்லால் என்னைக் குழியில் தள்ளப்போகிறாள் என்று நினைத்தேன். மெம்பர் மகன் கண்ணால் பார்த்திருக்கிறான். இனிமேல் தெரியாது என்றால் எல்லாம் தெரிந்ததாகத்தான் அர்த்தம்.

"அக்காவ எனக்கு நல்லாத் தெரியுங்க" என்றாள் அவள். அந்த வார்த்தையை அவள் வாயால் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "மாத்திர வாங்கறது நான். தனியாப் போறதுக்கு ஒரு மாதிரியா இருந்துச்சு. பஸ்ல பழக்கம், சுகர் மாத்திர வாங்க வந்திருந்தாங்க. கொஞ்சம் துணைக்கு உக்காருங்கன்னு நான்தான் கூப்புட்டேன். பாவம், எதுக்குன்னுகூட அவங்களுக்குத் தெரியாது."

"நீயா?" என்றார் மெம்பர்.

"ஆமாங்க. எனக்குத்தான்."

முன்வரிசையில் நாற்காலிகள் பின்னுக்கு நகர்ந்தன. அவள் மிச்ச டீயைக் குடித்தாள். அரை மணி நேரம் அவள் விளக்கியது அத்தனையும் காற்றோடு போயிற்று. தலைமை ஆசிரியர் என் காதருகே வந்து, "அந்தக் கிளாஸத் தனியா வெச்சிடு" என்றார். கூட்டம் கலைந்ததும் மெம்பர் பெண்சாதி என் இரண்டு கையையும் பிடித்துக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். "உனக்கு இளகின மனசு. அதுக்காக இப்படியா? யாரு எவருன்னு பாக்காம கூடப் போய்க் குந்திக்கினு கீற. நம்ம புள்ளைங்களுக்குச் சமைக்கிற கை" என்று சொல்லிச் சொல்லி, புதுச் சோப்பைப் பிரித்து முழங்கை வரைக்கும் தேய்த்துக் கழுவினாள். நான் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. சோப்பு கண்ணில் பட்டுவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன்.

மறுநாள் எல்லாப் பிள்ளைகளும் சாப்பிட்டார்கள். மெம்பரின் பேரன் இரண்டாவது முட்டை கேட்டு அழுதான். எனக்கு வேலை நிலைத்தது, வீடு நிலைத்தது, மகளின் படிப்பும் நிலைத்தது.

அவளைத்தான் என்னால் ஒரு முடிவுக்குக் கொண்டுவர முடியவில்லை. சொன்னது உண்மையா? மாத்திரை டப்பா பைக்குள் குலுங்கிச் சத்தம் போடாமல் இருக்கக் கொஞ்சம் பஞ்சு வைத்து மூடுங்கள் என்று ஒரு முறை சொல்லிக் கொடுத்திருந்தாள். அது எந்தத் தாளிலும் இருந்திருக்காது. அவளே மாத்திரை சாப்பிடாமல் எப்படித் தெரியும்? எத்தனையோ பேரிடம் பேசுகிறாள், யாராவது சொல்லியிருக்கலாம். பொய் என்றால் யாருக்காகச் சொன்ன பொய்? ஒருத்தி ரகசியம் வெளியே போனாலும் தங்கள் ஆராய்ச்சியை யாரும் நம்ப மாட்டார்கள் என்று அவள் சொன்னதுண்டு. என்னைக் காப்பாற்றினாளா, தாள்களைக் காப்பாற்றினாளா? மருந்து வாங்கப் போகும்போதெல்லாம் வரிசையில் அவள் தலை தெரிகிறதா என்று தேடினேன். தெரியவில்லை. அதற்கும் இரண்டு அர்த்தம் உண்டு. எங்களில் பாதிப் பேர் சொந்த ஊர் ஆஸ்பத்திரியில் மருந்து வாங்குவதில்லை.

ஊர் அவள் விஷயத்தில் முடிவுக்கு வந்துவிட்டது. டீக்கடையில் எல்லோருக்கும் கண்ணாடி கிளாஸ், அவளுக்குக் காகிதக் கப். சீத்தாப்பழக்காரி கூடையைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டாள். கண்டக்டர் சில்லறையை அவள் கையில் கொடுக்காமல் சீட்டின் மேல் வைத்தான். அவளை மலைப்பக்கம் இனி அனுப்ப மாட்டார்கள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கடைசியாக அவளைப் பார்த்தது கீழே போகிற பஸ்ஸில். சந்தை நாள், நிற்க இடமில்லை. ஆனால் அவள் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த பெண்கூட நின்றுகொண்டுதான் வந்தாள்.

நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அங்கே உட்கார்ந்தேன். சீத்தாப்பழக்காரி என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். நான் திரும்பவில்லை. மெம்பரின் மகனும் பஸ்ஸில்தான் இருந்தான்.

அவள் தலையைத் திருப்பாமல், உதடு அசையாமல் பேசினாள். "எழுந்துருங்க்கா. எல்லாரும் பாக்கறாங்க. வேற எடத்துல போய் நில்லுங்க."

"நெசமா, பொய்யா? அத்த மட்டும் சொல்லு, எழுந்துக்கறேன்."

வளைவில் பஸ் சாய்ந்தது. இரண்டு பேரும் முன் கம்பியைப் பிடித்துக்கொண்டோம். அவள் அப்போதுதான் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னா சொன்னா எழுந்துக்குவீங்க?" என்று கேட்டாள்.

நான் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டேன். ஆலங்காயம் வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.